எட்டு நாள் வேலி

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அவள். பூங்காக்களின் துப்புரவு மேற்பார்வையாளர். ஒவ்வொரு பூங்காவிலும் அங்கேயே பொறுக்கிய குப்பையைக் கொண்டு ஒரு கலைப்பொருள் செய்து வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதாம்.

“சார், ஏரிக்கரைப் பார்க்குல உங்க காலத்துல ஒரு கூழைக்கடாப் பறவை பண்ணி வச்சீங்களே, அதை எப்படிப் பண்ணீங்கன்னு ஒரு புரொசீஜர் மாதிரி எழுதிக் குடுங்க சார். ரெண்டு பக்கம் போதும். அப்புறம், அதோட ரெண்டு கண்ணும் ஏன் வேற வேற மாதிரி இருக்கு?”

ஓய்வு பெற்றவனிடம் வாயைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ரேவதி, இந்தா உன் புரொசீஜர். இரண்டு பக்கத்தில் முடியாது.

என் ஆரம்பக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாற்றத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் கொசு மருந்து அடிப்பவனாகச் சேர்ந்தேன். தாம்பரத்தைச் சுற்றி நான் மூக்கை நீட்டாத சாக்கடை கிடையாது. பிறகு குப்பை லாரிக்கு மேஸ்திரி, பிறகு தெருக்களுக்கு மேற்பார்வையாளர், கடைசி ஆறு வருஷம் பூங்காக்கள். என் பெயர் இன்பராஜ். ஆனால் வேலையாட்கள் என்னை ‘டிரிங் சார்’ என்றுதான் சொல்வார்கள். நான் சைக்கிளில் வருவேன். வாசலிலேயே மணியை அடிப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பரபரப்பாகிவிடுவார்கள். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அதற்காகத்தான் அடித்தேன். அதை யாரும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏரிக்கரைப் பூங்கா பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே நடைபாதையில் நடந்தால் மலையும் கோயிலும் தெரியும். கீழே பார்த்தால் சிப்ஸ் பாக்கெட் தெரியும். பெரும்பாலோர் கோயிலைப் பார்த்துக்கொண்டே பாக்கெட்டைக் கீழே போட்டார்கள்.

அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெருக்கும்போது கிடைப்பதில் யாரோ தேடி வரக்கூடிய பொருள் எதுவானாலும், அதைக் குப்பையில் போடக்கூடாது. பின்பக்கக் கம்பி வேலியில் தொங்கவிட வேண்டும். கூடவே ஒரு துணிக்கீற்றைக் கட்டி, அதில் தேதியை எழுத வேண்டும். எழுதுவது என் வேலை. மார்க்கர் பேனா என்னிடம்தான் இருக்கும். எட்டு நாள் தொங்கும். எட்டு நாளில் சொந்தக்காரர் வராவிட்டால் ஒன்பதாம் நாள் அது குப்பை. இதை எந்த அரசாணையிலும் தேட வேண்டாம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஆரம்பித்தது. பெருக்குகிறவர்கள் மேல் திருட்டுப் பட்டம் விழாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த ஏற்பாடு.

அந்த வேலியில் நான் பார்க்காதது இல்லை. சாவிக்கொத்து, ஒற்றைக் கொலுசு, கல்லூரி அடையாள அட்டை, கணக்குப் பரீட்சையில் நான்கு மார்க் வாங்கிய விடைத்தாள். ஒருமுறை முழு பல்செட். காலையில் கையைத் தூக்கிக்கொண்டு ஹா ஹா என்று சிரிக்கும் சிரிப்பு மன்றத்துக்காரர் யாரோ அளவுக்கு மீறிச் சிரித்திருக்கிறார். எட்டு நாளும் அது வேலியில் தொங்கியபடி போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தது. சொந்தக்காரர் வெட்கப்பட்டு வரவில்லை. அந்த வாரம் மன்றத்தில் ஒருவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரித்ததாகக் கஸ்தூரி சொன்னாள்.

கஸ்தூரியைச் சொல்லாமல் கூழைக்கடாவைச் சொல்ல முடியாது. ஒப்பந்தத் தொழிலாளி. பம்மலில் தோல் கம்பெனியில் பதினைந்து வருஷம் ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள். கம்பெனியை மூடியதும் துடைப்பத்துக்கு வந்தாள். முட்டி போய்விட்டது, தெருத் தெருவாக வண்டி தள்ள முடியாது, பூங்கா என்றால் சமாளிப்பாள். அந்த வருஷம் புது ஒப்பந்தக்காரர் வரப்போவதாகவும், ஆட்களில் பாதியைக் குறைக்கப்போவதாகவும், யார் மேல் புகார் இருக்கிறதோ அவர்கள் முதலில் போவார்கள் என்றும் பேச்சு. கஸ்தூரி வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். அவள் பயந்திருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் நமசிவாயம் சாருக்குக் கலை வந்தது. அவர் எங்கள் சுகாதார அலுவலர். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த அதிகாரிகளில் சத்தம் போடாதவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே எல்லோரும் அவருக்கு நடுங்கினோம். எப்போதும் வெள்ளை பேண்ட். ஆய்வுக்கு வந்தால் எதையும் எட்டிப் பார்க்க மாட்டார், விரலால் தடவிப் பார்க்க மாட்டார். நேராகப் போய் ஒரு பெஞ்சில் உட்காருவார். இரண்டு நிமிஷம் ஏரியைப் பார்ப்பார். எழுந்து, திரும்பி நின்று, “இன்பராஜ், பின்னாடி பாருங்க” என்பார். நான் ஒரு அரசு அதிகாரியின் பின்பக்கத்தை அரசுப் பணியாகப் பரிசோதிப்பேன். கறை இருந்தால் மெமோ. இல்லாவிட்டால் டீ. என் பணிக்காலத்தில் மொத்தம் எத்தனை முறை குனிந்து பார்த்திருப்பேன் என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

“குப்பையிலேருந்து சுற்றுச்சூழல் கலை பண்ணணும்ங்க. விருந்தினர் வந்து திறந்து வைப்பாங்க. ஒரு மாசம் டைம்” என்றார் சார்.

முதலில் நகரத்திலிருந்து ஒரு கலைஞர் வந்தார். மடிக்கணினியில் ஒரு திமிங்கலத்தைக் காட்டினார். கடலின் துயரம் என்று ஏதோ விளக்கினார். கஸ்தூரி எட்டிப் பார்த்து, “இன்னா சார் இது, பூசணிக்கா மாறி கீது. நம்ம ஏரில திமிங்கலம் எங்க கீது?” என்றாள். அவர் கோபித்துக்கொண்டாரா, வேறு வேலை வந்ததா தெரியாது. மறுபடி வரவில்லை.

“பின்ன இன்னா பண்றது?” என்று கஸ்தூரியிடம் கேட்டேன் நானே, பதற்றத்தில் அவள் பாஷையில்.

“கூழைக்கடா பண்லாம் சார். பள்ளிக்கரணைலேருந்து இங்க வந்து மீன் துன்னுட்டு போவுதே, அது. ஷூவுக்குத் தோல் தைக்கற மாறி பாக்கெட்ட ஒண்ணு மேல ஒண்ணு வச்சி தச்சா ரெக்க மாறி வந்துரும்.”

சாரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “பண்ணட்டும்ங்க. நல்லா வந்துச்சுன்னா, புது கான்ட்ராக்ட்ல அந்தம்மாவ இந்தப் பார்க்குக்கே நிரந்தரமா போடச் சொல்லி நான் எழுதறேன்” என்றார். கஸ்தூரியிடம் அதைச் சொன்னேன். அவள் போய் இன்னொரு கோணி எடுத்து வந்தாள்.

ரேவதி, இனி நீ கேட்ட புரொசீஜர். மூன்று பிளாஸ்டிக் தொட்டி வேண்டும். முதல் தொட்டியில் பச்சைத் தண்ணீர். மண், எறும்பு, மிச்ச மிக்சர் எல்லாம் அதில் போகும். இரண்டாவதில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர், அரை மணி நேரம். அதிகம் விட்டால் வெள்ளி நிறம் உரிந்துவிடும். மூன்றாவது நல்ல தண்ணீர். பிறகு காயவைக்க வேண்டும். நாங்கள் பூப்பந்து வலையில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். விளையாட வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு மாமா பந்தை அடித்து பான்மசாலா உறையைச் சரியாக விழவைத்தார். அதற்கு அவர் அணிக்கு ஒரு பாயின்ட் கொடுத்துக்கொண்டார்கள்.

எலும்புக்கு உடைந்த சறுக்குமரக் கம்பி. இறக்கைக்கு மழைக்காலத்தில் அநாதையாக விடப்பட்ட குடைகளின் கம்பிகள். அலகுக்குப் பிளம்பிங் பைப்பை நீளவாக்கில் பிளந்தது, அதன் பைக்குப் பால் உறை. நூல் கடையில் வாங்கவில்லை. மரங்களில் சிக்கிக் கிடந்த பட்டக் கயிறே போதுமானதாக இருந்தது. கஸ்தூரி மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, குத்தூசியால் துளை போட்டு, நூலை வாயில் பிடித்துக்கொண்டு தைப்பாள். பாக்கெட்டின் ஓரத்தை மடித்து, மடிப்புக்குள் தையல் மறையும்படி. இறக்கைக்கு, உள்ளே இருக்கும் வெள்ளிப் பக்கம் வெளியே வரவேண்டும் என்பதில் பிடிவாதம். எத்தனையோ வருஷமாக நான் குப்பையைத்தான் பார்த்தேன். அவள் கையில் அது இறகாவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதை மறைக்க, “சீக்கிரம் ஆகட்டும்” என்று அதட்டினேன்.

இதில் ஒரு கூத்து நடந்தது. வருஷக்கணக்காகக் குப்பையைச் சபித்த எங்கள் ஆட்கள் குப்பைக்கு ஏங்க ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போன பிறகு திங்கள் காலை அவர்கள் முகத்தில் அறுவடைக் களை. கழுத்துப் பக்கத்துக்குச் சாம்பல் நிறம் குறைந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பின்னால் கஸ்தூரி காத்திருந்தாள். “கண்ணு, செவப்பு வாணாம், நாளிக்கி அந்த சாம்பக்கலர் பாக்கெட்டு வாங்கு” என்று ஒரு குழந்தையிடம் அவள் சொன்னதைக் காதால் கேட்டேன். துப்புரவு மேற்பார்வையாளன் என்ற முறையில் நான் அதைக் கேட்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மதியம் பறவை நின்றுவிட்டது. ஆள் உயரம். நமசிவாயம் சார் வந்தார், எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார்.

“பறவை நல்லா இருக்குங்க. ஆனா கண்ணு தெரியலையே. குருட்டுப் பறவையையா திறந்து வைப்பாங்க? விருந்தினர் நிக்கற பக்கம் கண்ணு பளிச்னு இருக்கணும்.”

இரண்டு பக்கமும் சோடா மூடி வைத்திருந்தோம். உண்மையிலேயே அது எடுபடவில்லை. சார் போன பிறகு நான் பூங்காவைச் சுற்றி ஓடினேன். பளிச்சென்று, வட்டமாக, ஏதாவது. வேலியில் கண்ணில் பட்டது ஒரு கைக்கடிகாரம். வெள்ளை முகம், சுற்றிலும் பொன்னிறம், ஓடவில்லை. துணியில் என் கையெழுத்திலேயே தேதி. மூன்றாம் நாள்.

கழற்றிக்கொண்டு வந்து கஸ்தூரியிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

“எட்டு நாளு ஆவல சார்.”

“நின்னு போன வாட்ச். எவன் தேடி வரப்போறான்? வைம்மா.”

“வாணாம் சார். நாளிக்கி எவனா வந்து கேட்டா பேஜாராப் பூடும்.”

“நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

இந்த வார்த்தையை என் பணிக்காலம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், மெமோ வந்தவனிடம் சொல்லியிருக்கிறேன், செத்த நாயைத் தூக்க மறுத்தவனிடம் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கஸ்தூரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பந்தல், மைக், ரிப்பன். விருந்தினர் வந்தார். நமசிவாயம் சார் மைக்கில், “இதைச் செய்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்த கலைஞர் அல்ல, நமது தூய்மைப் பணியாளர் கஸ்தூரி” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் பறவைக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டாள். கழுத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் அடையாள அட்டை. ரிப்பன் வெட்டினார்கள். மூடியிருந்த துணியை இழுத்தார்கள். வெயில் பட்டு இறக்கை முழுக்க மின்னியது. கண் எல்லாவற்றையும்விட மின்னியது.

“அது என் வாட்ச்!”

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற சாரங்கபாணி சார். குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர். தினமும் காலை ஆறு சுற்று நடப்பார். சுற்றுக்கு ஒரு புகார் வைத்திருப்பார். இப்போது புகார் சொல்லும் முகம் இல்லை.

“என் தம்பி கட்டியிருந்த வாட்ச் சார் அது. அவன் போனப்புறம் நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன். நாலு நாளா வீடு பூரா தேடறேன். இங்க… யார் பண்ணது இதை?”

யார் பண்ணது என்று இப்போதுதான் மைக்கில் சொல்லி, எல்லோரும் கை தட்டி முடித்திருந்தார்கள். எல்லா முகமும் கஸ்தூரி பக்கம் திரும்பியது. அந்த வாரம்தான் பொறுப்பேற்றிருந்த புது ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. விருந்தினர் முன்னால் தன் சுறுசுறுப்பைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்திருப்பான்.

“ஏய், கார்ட கழட்டு. திருடுற ஆளுங்கள்லாம் நம்ம கம்பெனிக்கு வாணாம். நாளைலேர்ந்து வராத.”

கஸ்தூரி என்னைப் பார்த்தாள்.

நான் ரிப்பன் கம்பத்தைப் பார்த்தேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள் பாக்கி. நாற்பது நாளில் சால்வை, மாலை, வடை. ஒரு மெமோ வந்தால் எல்லாம் கெடும். சொல்லலாம், விழா முடியட்டும், தனியாகச் சாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் உள்ளே மிகவும் நியாயமாகப் பேசியது. மைக் கூவிக்கொண்டிருந்தது. அதற்குள் மேஸ்திரி அவள் கழுத்திலிருந்து அட்டையை எடுத்துவிட்டான். கயிறு அவள் கொண்டையில் சிக்கி, அவள்தான் அதை விடுவித்துக் கொடுத்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“நான்தான் சார் எடுத்தேன். வேலியில தொங்குச்சு. எட்டு நாள் ஆகாம எடுக்கக்கூடாது. அந்தம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வைக்கச் சொன்னேன்.”

“சூப்பர்வைசர் ஆளைக் காப்பாத்தறார்” என்றார் சாரங்கபாணி சார்.

கஸ்தூரி இடுப்பிலிருந்து குத்தூசியை எடுத்தாள். பறவையின் தலைத் தையலை நான்கே இழுப்பில் பிரித்தாள். கடிகாரம் வெளியே வந்தது. அதன் பட்டையோடு சேர்த்துத் தைத்திருந்த துணிக்கீற்றும் வந்தது. நான் தூக்கிப் போட்டிருப்பாள் என்று நினைத்த துணி. தேதி என் கையெழுத்து. கோழி கிளறியது மாதிரியான என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நமசிவாயம் சாரிடம் என் விளக்கக் கடிதங்களே ஒரு கட்டு இருக்கிறது.

சார் துணியை வாங்கிப் பார்த்தார். பறவையின் மேடை விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். அந்த மேடைக்கு அன்று காலைதான் பச்சை பெயின்ட் அடித்திருந்தோம். சொல்ல வாயெடுத்தேன், இருக்கிற குற்றம் போதும் என்று விட்டுவிட்டேன்.

“இன்பராஜ், உங்களுக்கு மெமோ வரும். வாங்கிக்குங்க” என்றார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பி, அதே தணிந்த குரலில், “தம்பி, அந்த அட்டைய அந்தம்மா கையில குடுங்க. அவங்க இந்தப் பார்க்குலதான் இருப்பாங்க” என்றார். மேஸ்திரி கொடுத்தான். கஸ்தூரி அதை வாங்கி, கயிற்றின் சிக்கலை எடுத்து, நிதானமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சார் எழுந்தார். பின்னால் பார்க்கும்படி அன்று அவர் என்னிடம் சொல்லவில்லை. விருந்தினரின் கார் வரை அவர் பச்சையாகவே நடந்து போனார்.

சாரங்கபாணி சார் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், அது ஓடாது என்று தெரிந்தும். மூன்று நாளும் அது தொங்கிய வேலியை ஒட்டித்தான் அவர் ஆறு சுற்று நடந்திருக்கிறார். பெருக்குகிறவர்களின் வேலி என்பதால் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது சுற்றுக்கு ஒருமுறை பார்க்கிறார் என்று கேள்வி.

சொன்னபடி கஸ்தூரிக்குப் பூங்காவிலேயே வேலை உறுதியானது. ஆனால் அவள் என்னோடு பேசவில்லை. வேலை சொன்னால் செய்வாள், “சரி சார்” என்பாள், அவ்வளவுதான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நான்தான் உண்மையைச் சொல்லிட்டேனேம்மா” என்றேன்.

“சொன்னீங்க சார். இல்லன்னு சொல்லல. ஆனா அவன் என் கார்ட கழட்டற வரிக்கும் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?”

அதற்கு ஒரு பதிலை இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதும் தேடினேன், கிடைக்கவில்லை. ரேவதி, நீ எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டென்றால் அது பிளீச்சிங் பவுடர் அளவு இல்லை, அந்தக் கேள்விதான்.

பறவை நாற்பது நாளும் கடிகாரம் இருந்த பக்கம் கண்ணில்லாமல், மறுபக்கம் சோடா மூடியோடு நின்றது. யாரும் அதில் எதையும் வைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓய்வு நாளன்று பூங்காவிலேயே சால்வை போட்டார்கள், வடையில் உப்பு இல்லை. கஸ்தூரி கூட்டத்தின் பின்னால் நின்றாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுத் தெருமுனையில் கட்டைவிரலை அழுத்தினேன். டிக் என்று மட்டும் கேட்டது. மணியின் மேல்மூடியைக் காணோம்.

எங்கேயாவது விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பூங்காவுக்குப் போகவும் கூச்சமாக இருந்தது. பத்து நாள் கழித்து, மனைவி தொல்லை தாங்காமல், காலை நடைக்கென்று அங்கே போனேன். கூழைக்கடா என்னைப் பார்த்தது. வெள்ளியாக, வட்டமாக, நான் இருபது வருஷம் துடைத்து வைத்திருந்த மணிமூடி.

கஸ்தூரி துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“சைக்கிள் ஸ்டாண்டாண்ட கெடந்துச்சு சார். எட்டு நாளு முழுசா வேலில தொங்கவுட்டேன். எவரும் கேட்டு வர்ல. ஒம்போதாம் நாளுதான் வச்சேன்.”

வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். கழற்றிய துணிக்கீற்று இன்னும் கம்பியில் இருந்தது. கோணல்மாணலாகத் தேதி, இப்போது மார்க்கர் பேனா அவளிடம்.

அந்த மூடி அவ்வளவு லேசில் கழன்று விழக்கூடியதில்லை. உள்மரையில் இருபது வருஷத் துரு. பலமாகப் பிடித்து ஆறேழு முறை திருக வேண்டும். தோல் தைத்துத் தைத்து இறுகிப்போன கைக்கு அது பெரிய வேலை இல்லை.

“சரியா இருக்கா சார்?”

“சரியா இருக்கும்மா” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பெருக்கப் போனாள்.

என் சைக்கிளுக்கு நான் இன்னும் வேறு மணி வாங்கவில்லை. பம்மல் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே “ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டுதான் போகிறேன்.